கொஞ்சம் சத்தமாச் சொல்லு

கோடி வீட்டு அக்காவுக்குக் காது மந்தம் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கு அதை முதல் நாளே சொல்லிவிட்டார்கள். நாங்கள் புதுக்கோட்டைக்குக் குடிவந்து சாமான்களைக்கூட இறக்கி முடிக்கவில்லை. பக்கத்து வீட்டு மீனாட்சி ஆச்சி ஒரு குடம் தண்ணீரோடு வந்து நின்று, தெருவில் யார் யார், எப்படி எப்படி என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். "கோடி வீட்டுக்காரி தங்கமானவ. காதுதான் கொஞ்சம் மந்தம். போனா சத்தமாப் பேசு. ஒன் குரலு எனக்கே கேக்கமாட்டேங்குதே" என்றார்.

ஆச்சி சொன்னதில் தப்பில்லை. எனக்குக் குரல் என்று ஒன்று இருந்ததே பெயருக்குத்தான். பெண்பிள்ளை சத்தம் கூடத்தைத் தாண்டக் கூடாது என்று வளர்த்த வீடு எங்கள் வீடு. காவேரிக் கரையில் பிறந்தவள் என்ற கர்வம் மட்டும் வண்டி வண்டியாக இருந்தது. சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த பிறகு ஆபீஸ்களைக் கலைத்துப் போட்டதில் என் வீட்டுக்காரருக்கு இங்கே மாற்றல் வந்தது. கொல்லைக் கதவைத் திறந்து பார்த்தேன். செம்மண்ணும் சரளைக் கல்லும். மண்வெட்டி போட்டால் நங்கென்று சத்தம் வருகிறது. இந்த ஊரில் என்ன முளைக்கும் என்று எனக்குள்ளேயே சலித்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டேன்.

கோடி வீட்டுக் கொல்லைக்குள் முதல் தடவை நுழைந்தபோதுதான் வாயடைத்துப் போனேன். அதே செம்மண், அதே சரளை. ஆனால் சுவர் ஓரம் முழுக்க மருக்கொழுந்து. அதற்குப் பின்னால் இருவாட்சி, நித்தியமல்லி, ஒரு செண்பகம். எல்லாம் அரிசி கழுவிய தண்ணீரிலும் பாத்திரம் அலசிய தண்ணீரிலும் வளர்ந்தவை. ஊரணித் தண்ணீர் குடிப்பதற்கும், உள்ளே படுத்திருந்தவரைக் குளிப்பாட்டுவதற்கும்தான் சரியாக இருக்கும்.

உள்ளே படுத்திருந்தவர் அக்காவின் வீட்டுக்காரர். திருச்சி ரோட்டில் பஸ் ஓட்டியவர். ஒரு மழை நாளில் பஸ் பள்ளத்தில் சாய்ந்ததில் முதுகு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. அவரைப் புரட்டிப் படுக்க வைப்பது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் அக்காதான். வேறு யார் கையும் தன்மேல் படக் கூடாது, யாரும் வந்து தன்னைப் பார்க்கவும் கூடாது என்று அவர் சொல்லிவிட்டாராம். நாங்கள் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. குரலைக்கூடக் கேட்டதில்லை. கொல்லைப் பக்கம் அவருடைய அறையின் ஜன்னல் ஒன்று உண்டு. அதன் கதவு எப்போதும் ஒருக்களித்தே இருக்கும். அக்காவும் ஊரணிக்கு ஓடித் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடி வருவதோடு சரி. கல்யாணம், காட்சி, கோயில், கடை எதுவும் கிடையாது.

அக்காவின் இடுப்பில் எப்போதும் நாலு இழை தென்னநார் செருகியிருக்கும். பேசிக்கொண்டே இருப்பாள், கை தானாக ஒரு இழையை உருவி, தொங்குகிற கொடியைக் கட்டிவிடும். நெடுநெடுவென்ற உயரம். சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வாள். காது மந்தம் என்றார்களே தவிர, பேசுகிறவர்களின் வாயை உற்றுப் பார்க்கிற வழக்கம் அவளிடம் இல்லை. ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

மாசி பிறந்தால் எங்கள் தெருப் பெண்களுக்குக் கால் நிலைகொள்ளாது. கீரனூருக்குச் சற்று முன்னால், ரோட்டை ஒட்டி ஒரு செடித்தோட்டம் இருந்தது. இப்போது நர்சரி என்கிறார்கள். மழையில் ஊன்றிய பதியன்கள் எல்லாம் வேர் பிடித்து, தை மாசியில் விற்பனைக்கு வந்துவிடும். ஆச்சி, எதிர் வீட்டு ராவுத்தர் சம்சாரம் சைனம்பு அக்கா, நான், மூன்று பேரும் காலை பஸ்ஸில் போவோம். மண்ணோடு வாழைச்சருகில் சுற்றிக் கட்டித் தருவார்கள். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, கண்டக்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டு திரும்புவோம்.

வாங்கிய செடியை நேரே வீட்டுக்குக் கொண்டுபோகும் வழக்கம் கிடையாது. முதலில் கோடி வீட்டுக் கொல்லைக்குத்தான் போகவேண்டும். அங்கே வேப்பமரத்தடியில் ஒரு ராத்திரி வைத்திருந்து, மறுநாள் காலையில் எடுத்துப்போய் நடுவோம். நிழல் நல்ல நிழல் என்பது ஒரு காரணம். வரமுடியாத அக்காவும் செடிகளைப் பார்க்கவேண்டும் என்பது இன்னொன்று. ஆனால் வேப்பமரத்தடியில் எங்களை உட்கார விடமாட்டாள். "இங்கிட்டு வாங்க, இங்கிட்டு வாங்க" என்று அந்த ஜன்னலுக்குக் கீழே, சாயங்கால வெயில் சுள்ளென்று அடிக்கிற சுவர் ஓரத்தில் பாயை விரிப்பாள். செடிக்கு நிழல், எங்களுக்கு வெயில். நல்ல நியாயம் என்று நான் மனசுக்குள் கறுவிக்கொள்வேன்.

முதல் வருஷம் நான் ஒரு பன்னீர் ரோஜா வாங்கி வந்தேன்.

"வா தஞ்சாவூரு. போனியா? சொல்லு" என்றாள். அந்த வீட்டில் என் பெயர் தஞ்சாவூரு. கும்பகோணம் என்று திருத்திப் பார்த்தேன், எடுபடவில்லை.

"போனேன். ரோஜா வாங்கினேன். வந்துட்டேன்."

"கொஞ்சம் சத்தமாச் சொல்லு. அப்புறம்?"

"அப்புறம் என்னக்கா? அவ்வளவுதான்."

"பஸ்ஸுல எந்தப் பக்கம் ஒக்காந்த? டிரைவரு வயசானவரா, சின்னப் பையனா? வளைவுல மெதுவாப் போனானா, அடிச்சுக்கிட்டுப் போனானா? அந்தப் புளியமரத்துல ரோட்டுப் பக்கம் சாஞ்ச கெளை இன்னும் கெடக்கா, வெட்டிட்டானா? நார்த்தாமலைக் குன்னு இன்னைக்கு என்ன நெறமா இருந்துச்சு? தோட்டத்துல நொழைஞ்சதும் மொதல்ல என்ன வாசம் வந்துச்சு?"

எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. கோபம் கோபமாக வந்தது. செடி வாங்கப் போனவளை ஸ்டேஷனில் நிறுத்திக் கேட்கிற மாதிரி அல்லவா கேட்கிறாள்! குன்றுக்கு என்ன நிறம்? குன்றின் நிறம்தான். சைனம்பு அக்கா என் முழங்கையை இடித்து, "தெரியலன்னு சொல்லிரு புள்ள, அடுத்த தடவை பாத்துட்டு வா" என்றாள். அக்கா சிரித்துக்கொண்டே வாயைப் பொத்தினாள். என்னை விட்டுவிட்டு சைனம்பு அக்காவிடம் திரும்பினாள். சைனம்பு அக்கா பழக்கப்பட்டவள். பஸ்ஸில் ஏறிய கோழியிலிருந்து ஆரம்பித்து, இறங்கிய இடத்துச் சேறு வரைக்கும் வரிசையாகச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு "அப்புறம்?" வந்தது.

அந்த மாசியிலேயே அடுத்த தடவை போகும்போது, இவள் கேட்பாளே என்கிற பயத்தில் பார்த்தேன். காலையில் குன்று ஈயம் மாதிரி இருந்தது. திரும்பும்போது அதே குன்று அப்போதுதான் சுட்டெடுத்த செங்கல் நிறத்தில் இருந்தது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை காலமும் இதெல்லாம் எங்கே இருந்தது? சொல்லவேண்டும் என்று பதறிக்கொண்டு வந்தேன். சொன்னேன். "சத்தமாச் சொல்லு" என்றாள். கத்திச் சொன்னேன். என் குரல் அந்தச் சுவரில் பட்டுத் திரும்பி வந்ததை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். குரல் ஒன்றும் மோசமாக இல்லை என்று தோன்றியது.

அந்த முதல் ரோஜா செத்துப்போன கதையையும் சொல்லிவிடுகிறேன். வேர் பிடித்ததா இல்லையா என்று இரண்டு நாளைக்கு ஒருமுறை தோண்டிப் பார்த்தேன். பிடிக்குமா? சித்திரை வெயில் வருமுன்பே கருகிவிட்டது. அழுதுகொண்டு போய் நின்றேன்.

"ஏண்டி, தூங்குற புள்ளைய எழுப்பி எழுப்பித் தூங்குதான்னு பாப்பியா?" என்றாள். பிறகு பாயை விரித்தாள். "ஒக்காரு. எப்படிக் கருகுச்சு? எந்த எலை மொதல்ல போச்சு? சத்தமாச் சொல்லு."

நான் ரோஜாவின் மரணத்தைத் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்திச் சொன்னேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்த என் வீட்டுக்காரர், "யாருக்கு என்ன ஆச்சு? ஆச்சி வாசலில் துக்கம் விசாரிக்கிறாங்களே" என்றார்.

எனக்கு அவளிடம் பிடிபடாதது ஒன்று உண்டு. அந்த வருஷங்களில் குரோட்டன்ஸ் பைத்தியம் பிடித்து ஆட்டியது. ஆபீசர் வீடு என்றால் வாசலில் குரோட்டன்ஸ் தொட்டி இருக்கவேண்டும். நானும் ஆசையாக, மஞ்சளும் சிவப்புமாகப் புள்ளி போட்டது ஒன்றை வாங்கி அவளுக்குக் கொடுத்தேன். இலையைத் தடவிப் பார்த்தாள். அழகா இருக்கு என்றாள். எடுத்துப்போய்த் தெரு வாசலில் வைத்துவிட்டாள். "போறவுக வாரவுக பாத்துட்டுப் போகட்டும்." கொல்லையில், அந்தச் சுவர் ஓரத்தில், மணம் இல்லாத எதற்கும் இடம் கிடையாது. எங்களிடம் வாங்கி வரச் சொல்வதும் அப்படித்தான். பூ பெரிதா, என்ன நிறம் என்றெல்லாம் கேட்கவே மாட்டாள். "ராத்திரில எம்புட்டுத் தூரம் மணக்கும்?" என்றுதான் கேட்பாள்.

இந்த இடத்தில் என் நன்றியைச் சொல்லிவிடவேண்டும், பிறகு சொல்ல எனக்கு வாய் வராது. பல வருஷம் கழித்து என் அம்மாவுக்குக் கண் பார்வை போய்விட்டது. கும்பகோணத்தில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ரயிலில் எதிரே உட்கார்ந்தவளின் மூக்குத்தி முதல் காவேரியில் தண்ணீர் எந்தப் படிக்கட்டு வரை நிற்கிறது என்பது வரை நான் சொல்லுவேன். "உனக்கு எப்படிடி இத்தனையும் கண்ணில் படுது? சின்ன வயசில் எதிரே நிற்கிற மாட்டைக்கூடப் பார்க்காமல் போவியே" என்பாள் அம்மா. ஒருத்தி என்னைப் பார்க்க வைத்தாள் அம்மா என்பேன். என் அம்மாவின் கடைசி வருஷங்கள் இருட்டாக இல்லாமல் போனதற்கு நான் யாருக்காவது கும்பிடு போடவேண்டும் என்றால் அது புதுக்கோட்டைப் பக்கம் திரும்பித்தான்.

மீனாட்சி ஆச்சியின் மீனுக்கு வருகிறேன்.

ஆச்சி அரிமளத்துப் பக்கத்து வியாபாரக் குடும்பம். ஒரு காலத்தில் ரங்கூனில் இருந்தவர். பெண்கள் கப்பலேறுவது அபூர்வமாக இருந்த நாளிலேயே கணவர் பிடிவாதமாகக் கூட்டிப்போனாராம். ஆச்சியிடம் ஒரு குணம். எதையும் உள்ளபடி சொல்ல அவரால் முடியாது. தெருவில் ஒரு சாரைப்பாம்பு போனால், ஆச்சி வாயில் அது மறுநாளே நல்லபாம்பாகி, வார முடிவில் படமெடுத்து ஆடும். ஒரு மாசியில் நானும் சைனம்பு அக்காவும் போட்டி போட்டுக்கொண்டு தோட்டத்தில் இருந்த அத்தனையும் சொல்லித் தீர்த்துவிட்டோம். ஆச்சிக்கு மிச்சம் ஒன்றும் இல்லை. அக்கா அவர் பக்கம் திரும்பி, "அப்புறம் ஆச்சி?" என்றாள்.

ஆச்சி வேப்பமரத்தை நிமிர்ந்து பார்த்தார். "இதுக சின்னஞ்சிறுசுக, முன்னாடியே நின்னுருச்சுக. தோட்டத்துக்குப் பின்னாடி ஒரு பவுண்டன் வச்சிருக்கான். நடுவுல கல்லு மீனு. வாயத் தொறந்துக்கிட்டுத் தண்ணியா துப்புது!"

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தோட்டத்துக்குப் பின்னால் இருந்தது ஒரு கிணறும் எருக்குழியும். ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்த பிறகு எங்களுக்கு வாய் வரவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி, "கல்லு மீனா? தண்ணி எம்புட்டு ஒசரம் போகுது ஆச்சி? சத்தமாச் சொல்லுங்க" என்றாள். அதிலிருந்து ஒவ்வொரு மாசியும் மீன்தான் முதல் கேள்வி. ஆச்சியும் சளைக்கவில்லை. மீனைச் சுற்றி அல்லி பூத்தது, படிக்கட்டு வந்தது, இரண்டு கல் தவளைகள் வந்தன. "பாத்து ஆச்சி, ஒங்க ஊத்துல ஊரு முங்கிறப் போவுது" என்று சைனம்பு அக்கா காதோரம் சொல்லுவாள். ஆச்சி முறைப்பார்.

பிறகு ஒரு வருஷம், மாசி முதல் வாரத்தில், ஊரணிக்கரையில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே அக்கா சொன்னாள், "இந்தத் தடவை நானும் வாரேன்."

எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "அண்ணனை யாரு பாத்துக்குவா?" என்றேன்.

"அவுகளே சொல்லிட்டாக, போயிட்டு வான்னு. அவுக கூட கண்டக்டரா இருந்தவரு வந்து காலையில ஒக்காருவாரு. ரெண்டு மணிக்கு அவருக்கு டூட்டி. அதுக்குள்ள நான் வந்துரணும். இந்த ஒரு தடவைதான். இன்னொரு தடவை அவுக வேற ஒருத்தர் கைக்கு ஒத்துக்க மாட்டாக." சொல்லும்போதே அவளுக்கு மூச்சு வாங்கியது. குடத்துத் தண்ணீர் தளும்பி அவள் சேலையெல்லாம் நனைந்தது. கல்யாணத்துக்கு நாள் குறித்த பெண்ணைப் போல இருந்தாள்.

ஆச்சியின் முகம்தான் பார்க்கச் சகிக்கவில்லை. அன்று சாயங்காலமே தலைவலி என்றார். மறுநாள் வயிற்றுவலி. வெயில் தாங்காது என்றார். அந்தத் தோட்டத்தில் இந்த வருஷம் ஒன்றும் இல்லையாம் என்று வேறு சொல்லிப் பார்த்தார். அக்கா விடவில்லை. "நீங்க வராம எனக்கு யாரு மீனைக் காட்டுவா?" என்றாள்.

போகிற நாளில் பஸ்ஸில் அக்காவும் ஆச்சியும் முன்னால் உட்கார்ந்தார்கள். இரண்டு வரிசை தள்ளிப் பின்னால் நானும் சைனம்பு அக்காவும். ஆச்சி கண்ணை மூடிக் கம்பியில் சாய்ந்துவிட்டார். அக்கா கழுத்தை நீட்டி ரோட்டை ஒரு கல் விடாமல் பார்த்துக்கொண்டு வந்தாள். இன்ஜின் சத்தத்தில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. அந்தத் தைரியத்தில் சைனம்பு அக்காவின் காதில் குசுகுசுத்தேன். "பாவம் அக்கா. அங்க மீனும் இல்ல, ஊத்தும் இல்ல. ஆச்சி மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சுக்குவாங்க?"

அக்கா எழுந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி வந்து எங்கள் சீட்டில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மெல்லப் பேசு தஞ்சாவூரு. ஆச்சி காதுல விழுந்தா வருத்தப்படுவாக" என்றாள்.

சைனம்பு அக்காவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு திகைப்பு. "ஏக்கா, ஒங்களுக்குக் காது..."

"எனக்கென்ன? நல்லாத்தான் கேக்கும்." வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் சிரிப்பை விட்டுவிட்டாள். "அவுகளுக்குக் கேக்கணும்ல? ஜன்னலுக்கு உள்ள படுத்திருக்க மனுசன். அவுக இந்த ரோட்டுலதானே ஓட்டுனாக? அந்தத் தோட்டத்தைத் தெனம் தாண்டிப் போயிருக்காக. ஒருநா எறங்கிப் பாக்கலையேன்னு அவுகளுக்குக் கொறை. ஆம்பளை ஒருத்தர் கேட்டுக்கிட்டு இருக்காருன்னா நீங்க இப்படிப் பேசுவீகளா? அவுகளுக்கும் கூச்சம், சொல்லாதேன்னாக. அதான் நான் என் காதை மந்தமாக்கிக்கிட்டேன். நீங்க பேசிட்டுப் போன அன்னைக்கு அவுக ரெண்டு வாய் கூடச் சாப்புடுவாக."

நான் வெளியே பார்த்தேன். ரோட்டுப் பக்கம் சாய்ந்த அந்தப் புளியங்கிளை வந்தது, போயிற்று. டிரைவர் யார், வளைவில் எப்படிப் போனான், குன்றுக்கு என்ன நிறம், இதையெல்லாம் கேட்டது யார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வெயிலில் விரித்த பாயும் புரிந்தது. சுவர் ஓரமாக அத்தனை மணத்தையும் அவள் ஏன் நட்டாள் என்பதும் புரிந்தது. என் ரோஜா செத்ததைக் கூட அவரிடம்தான் கத்திச் சொல்லியிருக்கிறேன். வெட்கமாக இருக்கவேண்டும். இல்லை. இத்தனை வருஷமும் இன்னும் நன்றாகச் சொல்லியிருக்கலாமே என்றுதான் இருந்தது.

"மீனு இல்லன்னு ஒங்களுக்குத் தெரியுமாக்கா?" என்று கேட்டாள் சைனம்பு அக்கா.

"ஆச்சி வேப்பமரத்தைப் பாத்தாகள்ல, அப்பவே தெரியும். ஆனா வீட்டுல அவுக நம்புறாக. அதைப் போய்ப் பாத்துட்டு வந்து நீ உன் வாயால சொல்லுன்னுதான் என்னை அனுப்புனதே. அவுககிட்ட நான் இதுவரைக்கும் ஒண்ணை ஒண்ணா மாத்திச் சொன்னதில்ல." அக்கா தென்னநார் ஒன்றை உருவி விரலில் சுற்ற ஆரம்பித்தாள். "என்ன சொல்லப்போறேன்னு தெரியல."

தோட்டத்துக்குள் அவளுக்கு வழி சொல்லவேண்டியிருக்கவில்லை. வலது பக்கம் எலுமிச்சைப் பதியன், தாண்டினால் மல்லிகைப் பாத்தி, அதை அடுத்துக் கொட்டகை. எல்லாம் நாங்கள் சொல்லிச் சொல்லி அவள் காலுக்கே தெரிந்திருந்தது. ஒவ்வொரு இலையாகக் கசக்கி முகர்ந்துகொண்டே போனாள். ஆச்சி பின்னால் கால் தேயத் தேய வந்தார். கிணற்றடியில் ஆயில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குழாயிலிருந்து தண்ணீர் சிமெண்டுத் தொட்டியில் விழுந்தது. அதற்குமேல் நடக்க இடம் இல்லை. எருக்குழிதான்.

அக்கா தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டாள். "வாங்க ஆச்சி, ஒக்காருங்க."

ஆச்சி நின்றபடியே அழுதுவிட்டார். "மன்னிச்சுக்க ஆத்தா. இங்க ஒண்ணும் இல்ல. ரங்கூன்ல இருந்துச்சு. எங்க வீட்டுக்கு எதுத்தாப்புல, நெசமாவே இருந்துச்சு. கல்யாணமாகிப் போன புதுசுல, பாஷை தெரியாம, பேச ஆளில்லாம, நாளெல்லாம் அந்த மீனைத்தான் பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்பேன். ஜப்பான் சண்டை வந்து எல்லாத்தையும் போட்டுட்டு நடந்தே வந்தோம். வீட்டை நெனச்சுக்கூட நான் அழுததில்ல. அந்த மீனு தண்ணியில்லாம நிக்குமேன்னு இருக்கும். இங்க யாருகிட்ட போயி அதைச் சொல்ல? சிரிக்க மாட்டாகளா?"

அத்தனை வருஷம் எங்களோடு இருந்த ஆச்சி, இதை ஒருநாளும் சொன்னதில்லை. பாம்பு, பேய், பவுண்டன் என்று அளந்த வாய்க்குள் உண்மை ஒன்று இப்படி முடங்கிக் கிடந்திருக்கிறது. அக்கா அவர் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"மீனு எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருக்கும்?" என்று கேட்டாள்.

"எங்க வீட்டுப் பக்கந்தான்."

"அப்புறம்?"

எனக்குப் பொறுக்கவில்லை. ஆயுசுக்கு ஒருமுறை கிடைத்த அரை நாள். சுற்றிலும் இத்தனை செடி. இவளோ எருக்குழி ஓரத்தில் உட்கார்ந்து ரங்கூன் கதை கேட்கிறாள்! இரண்டு தடவை போய், "நேரமாச்சுக்கா" என்றேன். கையை ஆட்டி என்னைப் போகச் சொன்னாள். கடைசியில், பஸ் வரப்போகிறது என்று சைனம்பு அக்கா கத்திய பிறகுதான் எழுந்தாள். போகிற போக்கில், பூவே இல்லாத ஒரு மனோரஞ்சிதக் கன்றைத் தோட்டக்காரரிடம் காட்டி, "இதக் கட்டிக் குடுங்க" என்றாள். அதன் பூ ஜன்னலைத் தாண்டி உள்ளே வரைக்கும் மணக்கும்.

நாங்கள் வந்து சேர்ந்ததும் கண்டக்டர் அவசரமாகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அக்கா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். செடிகளை வேப்பமரத்தடியில் வைத்தோம். வழக்கம்போல ஜன்னலுக்குக் கீழே பாய் விரித்தாள். இந்தத் தடவை நானே போய் வெயிலில் உட்கார்ந்தேன். ஆச்சி வீட்டுக்குப் போகிறேன் என்றார். அக்கா அவர் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

பிறகு அவள் சொல்ல ஆரம்பித்தாள். சத்தமாக, ஒன்றையும் விடாமல் சொன்னாள். டிரைவருக்கு மீசை முளைத்தும் முளைக்காத வயசு. வளைவில் ஹாரன் அடித்து மெதுவாகத்தான் போனான். புளியங்கிளை இருக்கிறது, அதில் யாரோ ஒரு பழைய டயரைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். குன்று போகும்போது வேறு, வரும்போது வேறு. தோட்டத்தில் நுழைந்ததும் எலுமிச்சை இலை வாசம். மல்லிகைப் பாத்தி. கொட்டகை. கிணற்றடி.

அங்கே நின்றுவிட்டாள். ஆச்சி தரையைப் பார்த்தார்.

"மீனு இருந்துச்சா?"

ஜன்னலுக்குள்ளிருந்து வந்தது. கரகரத்த, பழக்கம் விட்டுப்போன ஒரு குரல். நாங்கள் மூன்று பேரும் பதறி முந்தானையை இழுத்துக்கொண்டு எழுந்தோம். அக்கா எழவில்லை. ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள்.

"இருந்துச்சு. ஆனா அந்தத் தோட்டத்துல இல்ல. ரங்கூன்ல. ஆச்சி வீட்டுக்கு எதுத்தாப்புல. நான் பாக்கல, ஆச்சிதான் பாத்திருக்காக. அதை ஆச்சிதான் சொல்லணும்."

ஆச்சி எங்களைப் பார்த்தார். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெகு பக்கத்தில் போய், சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார். வேப்பமரத்தைப் பார்க்கவில்லை.

"தம்பி, கேக்குதா?" என்றார். "அங்க நான் போனப்ப எனக்குப் பதினெட்டு வயசு. பேச ஒரு ஆளு இல்ல. காலையில கதவைத் தொறந்தா எதுக்க அந்த மீனுதான்..."

அதற்குமேல் வரவில்லை. அக்கா ஒன்றும் கேட்கவில்லை. கையில் இருந்த தென்னநாரைக்கூட அசைக்கவில்லை. ஜன்னலுக்குள் கட்டில் கிரீச்சிட்டது. ஒருக்களித்திருந்த கதவை உள்ளிருந்து ஒரு கை மெல்லத் தள்ளித் திறந்தது.

"அப்புறம்?" என்றார் அவர்.